முத்கடா, கல்லடைப்பு, அப்புறம் கொஞ்சம் சரித்திரம்

சிறுநீரகக் கல்லுக்கு மராத்தியில் 'முத்கடா' என்று பெயர். 'முத்' என்றால் மூத்திரம், 'கடா' என்றால் சிறு கல். நம்ம ஊர்க் 'கல்லடைப்பு' கொஞ்சம் கௌரவமாக ஒலிக்கிறது. மராத்திக்காரர்கள் சுற்றி வளைக்காமல் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். கோந்த்வாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் கேட்ட அளவுக்கு அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு முத்கடா கதை இருந்தது. மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப் என்று போகும் பகுதியை டாக்டர்கள் இந்தியாவின் 'கல் பட்டை' என்று சொல்வது சும்மா இல்லை போல.

விஷயம் இதுதான். இடது யூரிட்டரில் (சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய்) 9 மி.மீ. கல். கத்தி வைக்காமல் உள்ளே கருவி விட்டு லேசரால் உடைத்தார்கள். மறுநாளே வீடு. உள்ளே ஒரு ஸ்டென்ட், கையில் ஒரு மருந்துச் சீட்டு, 'வெயிட் தூக்காதீங்க' என்று ஒரு அறிவுரை. வீட்டில் தங்கமணி, எட்டு வயது மகள், 'தூக்கு, தூக்கு' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத இரண்டு வயது மகன். அவன் எடை 12 கிலோ.

படுத்துக்கொண்டே கல்லின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அறுவை மருத்துவத்தின் சரித்திரம் எழுதுபவர்கள் பெரும்பாலும் கத்தியோடு நின்றுவிடுகிறார்கள். யார் முதலில் அறுத்தார், எந்த வருஷம், என்ன கருவி என்பதெல்லாம் இருக்கும். அறுத்த பிறகு நோயாளி எங்கே கிடந்தார், யார் கஞ்சி கொடுத்தார்கள், எத்தனை நாளில் எழுந்து நடந்தார்? எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இந்த விஷயத்தில் நம்ம சுஸ்ருதர் ஏமாற்றவில்லை. சுஸ்ருத சம்ஹிதையில் சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்து எடுக்கும் முறை விரிவாக இருக்கிறது. அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தாலும் பிழைப்பது சந்தேகம், ஆகையால் அரசனிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு செய் என்கிறார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கும் காகிதத்துக்கு மூதாதை இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் அதற்குப் பிறகு அவர் சொல்வது. கல்லை எடுத்ததும் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவை. நெய் சேர்த்த கஞ்சி கொடு. புண் ஆறிய பிறகும் ஒரு வருஷத்துக்குக் குதிரை, யானை, தேர் ஏறக் கூடாது, மலையும் மரமும் ஏறக் கூடாது, நீந்தக் கூடாது, கனமான சாப்பாடு கூடாது, மனைவியிடமும் போகக் கூடாது. பட்டியலைப் பார்த்தால் யானை வைத்திருந்தவர்களும் இவரிடம் வைத்தியத்துக்கு வந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது :-) ஆனால் ஒரு வருஷம் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு வருஷமும் வயலையோ வியாபாரத்தையோ வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதிய வைத்தியம் அது.

கிரேக்கத்தில் கதை வேறு மாதிரி. ஹிப்போகிரட்டஸின் பெயரில் வழங்கும் உறுதிமொழியில், கல்லுக்காக நான் அறுக்க மாட்டேன், அதை அந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவேன் என்று ஒரு வரி உண்டு. அந்தத் தொழில்காரர்களின் பரம்பரை ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நீடித்தது. ஊர் ஊராகப் போய், அறுத்து, காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்களும் அதில் இருந்தார்கள். புண் சீழ் பிடிக்கும்போது அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள்.

அறுத்த பிறகு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரிந்த பழைய நோயாளிகளில் பிரபலமானவர் சாமுவேல் பீப்ஸ். லண்டன் நாட்குறிப்பு எழுதினாரே, அவர்தான். 1658 மார்ச் 26, வயது 25. அறுத்தவர் தாமஸ் ஹாலியர். மயக்க மருந்து வர இன்னும் இருநூறு வருஷம் இருந்தது (ஈதர் வந்தது 1846-ல்), ஆகவே கை காலைக் கட்டிப் போட்டு, ஆட்கள் பிடித்துக்கொண்டுதான் அறுவை. எடுத்த கல் டென்னிஸ் பந்து அளவு. இது நடந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, சொந்த வீட்டிலும் இல்லை. உறவுக்காரப் பெண் ஜேன் டர்னரின் வீட்டில். அங்கேயே கிடந்து சுமார் ஐந்து வாரத்தில் தேறினார். அதன்பின் மார்ச் 26-ஐ விருந்து வைத்துக் கொண்டாடுவதாக முடிவு செய்து பல வருஷம் செய்தார், விருந்தில் ஜேன் டர்னருக்குத் தனி மரியாதை. கல்லை வைக்க 25 ஷில்லிங்கில் ஒரு பெட்டியும் செய்துகொண்டார். 1669-ல், அறுவைக்குப் பயந்துகொண்டிருந்த ஒருவருக்குத் தைரியம் கொடுக்க அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். தேறி வந்தவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அதுதான். அவருக்குக் குழந்தை இல்லை. அறுவையால் ஏற்பட்ட காயம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு.

யாருமே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பியவர் ஒருவரும் நம் நாட்டில் இருந்திருக்கிறார். கிளாட் மார்ட்டின், பிரான்சின் லியோன் நகரத்துக்காரர். பிரெஞ்சுக் கம்பெனிச் சிப்பாயாகப் பாண்டிச்சேரியில் வந்து இறங்கி, பிறகு கட்சி மாறி ஆங்கிலேயக் கம்பெனியில் சேர்ந்து, லக்னோவில் நவாபின் ஆயுதசாலையைப் பார்த்துக்கொண்டு பெரும் பணக்காரர் ஆனவர். லக்னோ, கல்கத்தா லா மார்ட்டினியேர் பள்ளிகள் அவர் உயிலின் பணம். 1782-ல் சிறுநீர்ப்பையில் கல் வந்தபோது மெல்லிய கம்பி முனையில் அரம் வைத்து, சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே விட்டு, ஒரு நாளைக்குப் பலமுறை, மாதக்கணக்கில், தானே கல்லை அராவித் தூளாக்கினார். பொடிப் பொடியாக வெளியே வந்தது. அறுக்காமல் உள்ளேயே கல்லை உடைக்கும் முறையைப் பாரிஸில் சிவியால் நோயாளியிடம் செய்து காட்டியது 1824-ல். அதற்கு 42 வருஷம் முன்னால் லக்னோவில் ஒரு பழைய சிப்பாய் தனியறையில் அதைச் செய்து முடித்திருக்கிறார். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. (அன்று ஸ்டென்ட் வலியும் இருந்தது என்பது வேறு விஷயம்.)

நிற்க. மகள் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இது எனக்கும் வருமா?" என்றாள். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குக் குறையாது என்பது உண்மை. பீப்ஸின் அம்மாவுக்கும் கல் இருந்தது. 'தண்ணி குடிச்சா வராது, போய்ப் படி' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவள் கேள்வி என்னை இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு காலத்தில் கல் என்பது குழந்தைகளின் நோய். அதுவும் ஏழைக் குழந்தைகளின் நோய்.

இங்கிலாந்தில் நார்விச் ஆஸ்பத்திரி 1770-களில் தொடங்கியதிலிருந்து கல் அறுவைக்குப் பேர் போனது. அங்கே அறுக்கப்பட்டவர்களில் கணிசமானோர் சிறுவர்கள். இந்தியாவிலும் அதேதான். 1878-ல் ஹார்வர்டின் பிகலோ, சிறுநீர் வழியாகவே கருவியை விட்டு ஒரே அமர்வில் கல்லை நொறுக்கி, துகளை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று காட்டினார். அது பெரியவர்களுக்குத்தான், சின்னப் பையன்களுக்கு வழி குறுகலாயிற்றே என்று எல்லோரும் நினைத்தார்கள். இந்தூரில் ரெசிடென்சி மருத்துவராக இருந்த கீகன், 1880-களில் சிறிய கருவிகளை வைத்துச் சிறுவர்களுக்கும் அதைச் செய்து காட்டினார். அறுத்தால் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய பையன் சில நாளில் எழுந்து ஓடினான். ஹோல்கரின் மராட்டிய சமஸ்தானத் தலைநகரில் இருந்து லண்டன் டாக்டர்கள் பாடம் கற்றுக்கொண்ட விஷயம் இது. நம் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் குழந்தைகளின் கல்லை ஒழித்தது கத்தியும் இல்லை, கருவியும் இல்லை. சாப்பாடு. இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் இடம் வாங்கிக்கொண்டு ராபர்ட் மெக்காரிசன் எலிகளை வைத்து உணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1920-களில், வைட்டமின் ஏ குறைந்த, தானியமே பிரதானமான உணவைக் கொடுத்து எலிகளின் சிறுநீர்ப்பையில் கல்லை வரவழைத்தார். பால் சேர்த்துக் கொடுத்தால் கல் வருவது நின்றது. வைட்டமின் ஏ-தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணம் பின்னால் நிற்கவில்லை. வெறும் தானியத்தில், பாலும் புரதமும் இல்லாமல் வளரும் குழந்தைக்குக் கல் வரும் என்ற அடிப்படை நின்றது. 1960-களில் தாய்லாந்தின் உபோன் பகுதியில் ஆராய்ந்தவர்களும் பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குச் சோறு ஊட்டும் கிராமங்களில்தான் இந்தக் கல் அதிகம் என்று கண்டார்கள். குன்னூர்க் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய உணவூட்ட நிறுவனம் அதுதான்.

வீட்டில் பாலும் பருப்பும் வந்த பிறகு குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் குறைந்தது. வசதி இன்னும் கூடிய பிறகு பெரியவர்களின் சிறுநீரகக் கல் ஏறியது. என்னுடையது இரண்டாவது வகை. உப்பு, இறைச்சி, உட்கார்ந்த வேலை, வெயில், உடம்பு எடை என்று அதற்குப் பல காரணங்கள்.

சிறுநீரகத்தையே திறந்து கல் எடுப்பது ரொம்பப் பிந்தி வந்த துணிச்சல். லண்டனில் ஹென்றி மோரிஸ் 1880-ல் செய்தார். அதிலிருந்து சுமார் நூறு வருஷம் அதுதான் முறை. விலாவில் பெரிதாகக் கீறி, சமயத்தில் கடைசி விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, உள்ளே போவார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு 1978-ல் மதுரையில் நடந்தது அதுதான். குளத்தில் குளிக்கும்போது அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறேன், முதுகிலிருந்து வயிறு வரை ஒரு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள், வீட்டில் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வீடு எப்படி ஓடியது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பெரியத்தை வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டாள். மூன்று பிள்ளைகளை மூன்று வீட்டில் பிரித்துவிட்டார்கள். சித்தப்பா கடையைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோக முறை போட்டிருந்தார்கள். பெரியப்பாவின் வேலை படுத்திருப்பது மட்டும்.

அந்த 1978-ஐச் சுற்றித்தான் எல்லாமே மாறியது என்பது ஆச்சரியம். 1976-ல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் இருவரும் முதுகில் சின்னத் துளை போட்டு அதன் வழியாகவே கல்லை எடுத்தார்கள். டோர்னியர் என்ற ஜெர்மன் விமானக் கம்பெனி, அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் சேதமாகிறது என்று ஆராயப்போய் அதிர்வலையில் வந்து நின்றது. 1980 பிப்ரவரி 7, மியூனிக்கில் சௌசி குழுவினர் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்து, உடம்புக்கு வெளியே இருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைத்தார்கள். சுஸ்ருதரின் தொட்டி வேறு வேலைக்குத் திரும்பி வந்துவிட்டது! அதே காலத்தில் யூரிட்டருக்குள் போகும் நீளமான கருவியும் வந்தது. 1990-களில் ஹோல்மியம் லேசர் அதோடு சேர்ந்தது. எனக்குச் செய்தது அந்த ஜோடிதான்.

இந்த வரிசையில் யாரும் பெருமையாகப் பேசாத ஒன்று, ஃபின்னி என்பவர் 1978-ல் வெளியிட்ட ஸ்டென்ட். இரண்டு முனையும் கொக்கி மாதிரி சுருண்ட மெல்லிய குழாய். டிஜே ஸ்டென்ட் என்பார்கள். ஒரு கொக்கி சிறுநீரகத்தில், இன்னொன்று பையில். வீங்கிய யூரிட்டர் அடைத்துக்கொள்ளாமல் இது காப்பாற்றுகிறது. பதிலுக்கு நம்மைப் படுத்துகிறது. அரைமணிக்கு ஒருதரம் போக வேண்டும் என்று தோன்றும், போகும்போது விலாவில் குத்தும், கொஞ்சம் அதிகம் நடந்தால் சிறுநீர் சிவக்கும். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. நீங்கள் யாராவது செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ குளிரோ வந்தால், சிறுநீர் நின்றுபோனால், கட்டி கட்டியாக ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் ஸ்டென்ட் செய்யும் வேலை.

மூன்று மாதம் ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரிக் கணக்கு சொல்கிறது. மருத்துவத்துக்குக் கோடி நமஸ்காரம். ஆனால் மீதி நாட்கள் காணாமல் போய்விடவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டன. வீட்டில் பெரியத்தை இல்லை. தங்கமணி காலை ஐந்தரைக்கு எழுந்து, மகளைப் பஸ் ஏற்றி, மகனைக் குளிப்பாட்டி, எனக்கு மருந்து கொடுத்து, ஒன்பதரைக்கு மடிக்கணினியைத் திறந்து அலுவலகத்தில் இருக்க வேண்டும். நாலாம் நாள் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே அவள் அழுததைப் பார்த்தேன். "என்னங்க, ஒண்ணுமில்ல, வெங்காயம்" என்றாள். அன்று வெங்காயம் நறுக்கவில்லை.

ஆறாம் நாள் அம்மா வந்தாள். மதுரையில் நாகர்கோவில் – மும்பை ரயில் ஏறி, ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து, முழங்கால் வலியோடு, ஒரு பை நிறையக் கொள்ளும் காய்ந்த சிறுபீளையும் எடுத்துக்கொண்டு. போகிக்குக் காப்புக் கட்டுவோமே, அந்தச் சிறுபீளைதான், நம் பக்கத்தில் கல்லடைப்புக்குக் கஷாயம். அதற்கு முன் நாங்கள் தாக்குப் பிடித்தது எதிர்வீட்டுக் காக்கூவால்தான். மகனை மதியம் தூக்கிக்கொண்டு போய்விடுவார். போகும்போது ஒரு டப்பா குளீத் வைத்துவிட்டுப் போவார். குளீத் என்றால் வேறொன்றுமில்லை, கொள்ளு. முத்கடாவுக்கு அதுதான் இங்கே வீட்டு வைத்தியம். அம்மாவும் காக்கூவும் ஒரு சொல் பொதுவில் இல்லாமல் அடுப்படியில் நின்று, ஒரே தானியத்தை வைத்து, ரசமா பிட்லாவா என்று அரைமணி நேரம் வாதம் செய்தார்கள். கீழ்வீட்டுக் காலா பாயா சூப் அனுப்பினார். இறைச்சி கல்லுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூப் தங்கமணிக்குப் போனது. அவளுக்குத்தான் அது தேவையாகவும் இருந்தது.

எல்லோரும் சொன்ன காரணம் ஒன்று: டேங்கர் தண்ணி. கோந்த்வாவில் பல சொசைட்டிகளுக்கு டேங்கரும் போர்வெல்லும்தான் பாதி உயிர். குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் கடின நீர் கல்லை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கணக்கு. இத்தாலியில் போர்கி குழுவினர், முதல்முறை கல் வந்தவர்களை ஐந்து வருஷம் கவனித்து 1996-ல் வெளியிட்டார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குக் கல் திரும்பியது, மற்றவர்களில் 27 சதவீதம். அதே குழு 2002-ல் இன்னொன்றும் சொன்னது. கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம் போல எடுத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. ஆகவே பால், தயிரை நிறுத்தச் சொல்லும் சித்தப்பாக்களை நம்பாதீர்கள். தக்காளி விதையும் நிரபராதி. பாலக் கீரையில்தான் ஆக்சலேட் அதிகம்.

கொள்ளைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். கல்லைக் கரைக்கும் என்று சொல்ல மாட்டேன், ரசமாகக் குடித்தால் அந்தத் தண்ணீர் கணக்கில் சேரும் என்றார். அம்மாவிடம் இரண்டாம் பாதியை மட்டும் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. ஊர் மாறிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். 'மறந்துபோன ஸ்டென்ட்' என்று சிறுநீரக மருத்துவத்தில் ஒரு தலைப்பே இருக்கிறது. வலி போய்விட்டது, வேலை மாற்றம் வந்துவிட்டது, பெங்களூருக்கோ துபாய்க்கோ கிளம்பியாயிற்று, உள்ளே குழாய் இருப்பது நினைவில்லை. மாதங்கள் போனால் அதன்மேலேயே கல் படிகிறது. பிறகு எடுக்க இரண்டு மூன்று அறுவை ஆகும், சிலருக்குச் சிறுநீரகமே போயிருக்கிறது. எடுக்க வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதை வீட்டில் இன்னொருவரிடமும், ஊரில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

என்னுடையது அடுத்த வியாழக்கிழமை, காலை பத்து மணி. பத்து நிமிஷ வேலையாம். அம்மா அதற்கு மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். காக்கூ அவளுக்கு இரண்டு கிலோ குளீத் கட்டி வைத்திருக்கிறார், மதுரைக்குக் கொண்டுபோக.